நங்கூரம் இல்லாத இரும்புத் தொப்பி

பழைய பட்டாள ஹெல்மெட் சேர்க்கிறேன்னு சொன்னா, "பைக்ல போறப்பவே ஹெல்மெட் போட மாட்ட, இதை வச்சு என்னடா பண்ணப் போற?"ன்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. நியாயமான கேள்விதான் :-) ஆனா காரைக்கால்காரனுக்கு இந்தக் கிறுக்கு வராம இருந்தாத்தான் ஆச்சரியம். 1739-ல பிரெஞ்சுக்காரன் கைக்குப் போன ஊரு. நடுநடுவுல இங்கிலீஷ்காரன் பிடுங்கிக்கிட்டதை விட்டுட்டா 1954 வரைக்கும் அவங்க ஆட்சிதான். அதனால இங்க 'சொல்தா' வீடுங்க உண்டு. அதாங்க, பிரெஞ்சு ராணுவத்துல இருந்துட்டு வந்து பென்சன் வாங்குற வீடு.

கொஞ்சம் வரலாறு (தூங்கிடாதீங்க). 1914-ல பிரெஞ்சு சிப்பாய் தலையில துணித் தொப்பிதான். தலைக்கு மேல வெடிச்சுச் சிதறுற பீரங்கிக் குண்டுத் துண்டுகளுக்குத் துணி என்ன பண்ணும்? 1915 தொடக்கத்துல தொப்பிக்கு அடியில வச்சுக்கச் சொல்லி இரும்புக் கிண்ணம் மாதிரி ஒண்ணைச் சுமார் 7 லட்சம் பேருக்குக் குடுத்தாங்க. அதே வருஷம் அத்ரியான்ங்கிற அதிகாரி பேர்ல முழு ஹெல்மெட் வந்துச்சு. எடை 700 கிராம் சொச்சம். மெல்லிசான தகடு, உச்சியில சேவல் கொண்டை மாதிரி ஒரு பட்டை. நேரா வர்ற துப்பாக்கிக் குண்டை இது தடுக்காது, சிதறல்களைத்தான் தடுக்கும். ஆனா பார்க்க அழகு! இங்கிலீஷ்காரனோட பிராடி ஹெல்மெட் இதுக்குப் பக்கத்துல கவுத்துப் போட்ட சூப்புத் தட்டு.

நெத்தியில இருக்கிற சின்னத்தை வச்சுப் படைப்பிரிவைச் சொல்லிடலாம். காலாட்படைன்னா தீப்பிழம்போட எறிகுண்டு, பீரங்கிப்படைன்னா குறுக்கே வச்ச ரெண்டு பீரங்கி, காலனிப் படைன்னா நங்கூரம். நம்ம ஊர்க்காரர் போட்டதுன்னா நங்கூரத்துக்குத்தான் வாய்ப்பு அதிகம். அந்த நங்கூரத்தைத்தான் ரொம்ப நாளாத் தேடிட்டிருக்கேன்.

போன லீவுல ஊருக்குப் போனப்ப, நெடுங்காடு பக்கத்துல ஒரு சொல்தா வீட்டுல இருக்குன்னு தகவல். பாட்டியோட மாமனார் முதல் உலகப்போர்ல போட்டதாம். அடிச்சுப் பிடிச்சு ஓடினேன். கொல்லையில கோழிங்க அதுலதான் தண்ணி குடிச்சிட்டிருந்துச்சு.

தூரத்துல இருந்தே தெரிஞ்சிடுச்சு, இது அத்ரியான் இல்ல. கொண்டையும் கிடையாது, சின்னமும் கிடையாது. அமெரிக்க எம்-1. 1941-ல வந்த மாடல். தண்ணியைக் கொட்டிட்டுப் பார்த்தேன். விளிம்புல ஓடுற பட்டையோட இணைப்பு பின்பக்கம் இருந்துச்சு, வார் மாட்டுற வளையம் அசையுற மாதிரி. வளையம் 1943-லதான் அசையுற மாதிரி மாறுச்சு, இணைப்பு பின்னால போனது 1944 கடைசியில. முன்விளிம்புக்கு உள்ள ஆலை முத்திரை நம்பர்கூட லேசாத் தெரிஞ்சுது. இந்தோசீனாவுல பிரெஞ்சுப் படைக்கு அமெரிக்கா குடுத்த சாமான்ல இந்த மாதிரி ஹெல்மெட்டும் உண்டு.

சொல்றதா வேணாமான்னு யோசிச்சேன். அந்தக் குடும்பத்துக்கு அது வெர்டன் ஹெல்மெட். அதைப் பொய்யாக்க நான் யாரு? ஆனா பாட்டியோட வீட்டுக்காரர் 1950கள்ல இந்தோசீனாவுல இருந்தவர்னு சுவத்துல மாட்டியிருந்த போட்டோ சொல்லுது. சொல்லிட்டேன். "பாட்டி, இது உங்க மாமனாரோடது இல்ல. தாத்தாவோடதா இருக்கணும்."

பாட்டி ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அவரு அங்க சமையல் வேலைதான் பார்த்தேன்னு சொல்வாருப்பா. துப்பாக்கியே தொட்டதில்லைம்பாரு. ராத்திரியில அலறி எந்திரிப்பாரு, கேட்டா வயித்து வலிம்பாரு" அப்படின்னாங்க.

ஹெல்மெட்டால எதையும் நிரூபிக்க முடியாது, சமையல்காரருக்கும் அதைத்தான் குடுத்திருப்பாங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லல. அது வேற விஷயம்.

விலைக்குக் கேக்கவும் மனசு வரல. பேரன்தான், "அண்ணே, பளபளன்னு சில்வர் பெயின்ட் அடிச்சு ஹால்ல வச்சிடட்டுமா?"ன்னு கேட்டான். பெயின்ட்டும் வேணாம், உப்புத்தாளும் வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டேன். தேய்ச்சா துருவோட அந்த நம்பரும் போயிடும். நம்ம ஊர் உப்புக் காத்துக்கு நல்லாக் காய வச்சு, மெஷின் எண்ணெயைத் துணியில தொட்டு லேசாத் துடைச்சு வச்சாலே போதும்.

போன வாரம் போன் பண்ணினான். கோழிக்குப் புது பிளாஸ்டிக் கிண்ணம் வாங்கியாச்சாம். ஹெல்மெட்டைப் பாட்டி பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிட்டாங்களாம், சாவியைக் குடுக்க மாட்டேங்குறாங்களாம்.