சீமைக் கருவேலும் நானும்

தில்லிக்கு வந்த முதல் வாரம். ஊர் நினைவு வாட்ட, நம் பல்கலைக் கழகத்தை ஒட்டிய கமலா நேரு ரிட்ஜுக்குள் நடந்தேன். 1828-இல் கட்டிய ஃப்ளாக்ஸ்டாஃப் கோபுரம் அங்கே நிற்கிறது. 1857 மே 11-ஆம் நாள் ஆங்கிலேயக் குடும்பங்கள் அஞ்சி ஒதுங்கிய இடம். ஆனால் என்னை நிற்க வைத்தது கோபுரம் அன்று; அருகில் மண்டியிருந்த மரம். எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சீமைக் கருவேல்! அயலூரில் உறவினரைக் கண்டதுபோல் மகிழ்ந்தேன்.

இங்கே அதன் பெயர் விலாயதி கீகர். பொருள் ஒன்றே. நம்மவரும் தில்லிக்காரரும் தனித்தனியே அதை அயல்நாட்டுக் கருவேல் என்றே அழைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்து மரம் அது. வறண்ட இந்தப் பாறை மேட்டைப் பசுமையாக்க ஆங்கிலேயர் நட்டனர். பசுமை வந்தது, வெள்வேலுக்கும் பலாசுக்கும் இடம் போயிற்று.

சென்ற மாதம் ஆசிரியர் ஒருவர், அதன் கன்றுகளைப் பிடுங்க வருமாறு எங்களை அழைத்தார். நான் தயங்கினேன். என் அப்பா கரிமூட்டம் போடுபவர். அந்த மரத்தைச் சுட்ட கரியில்தான் என் கல்லூரிக் கட்டணம் வந்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாமா?

அன்றிரவு தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“நம்ம கண்மாயில கெடக்கிற மரமே ஏழு தலைமுறைக்குக் கரிக்குக் காணும் தம்பி. வெட்டுறது பெரிசில்ல. தூரை விட்டா அடுத்த மழைக்குத் தழைச்சிரும். அது போன எடத்துல எதை வைக்கப் போறீக?”

மறுநாள் அதே கேள்வியை ஆசிரியரிடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. “ஒரே நாளில் மொட்டையடித்தால் பறவைகள் எங்கே போகும்? மேற்கிளைகளைக் கழித்து வெயில் இறங்கச் செய்ய வேண்டும். அடியில் இம்மண்ணுக்குரிய கன்றுகளை நட்டுப் பேண வேண்டும். அவை ஓங்கிய பின் இது தானே ஒடுங்கும்” என்றார். தில்லியின் நடு ரிட்ஜுக்குப் பேராசிரியர் சி. ஆர். பாபு எடுத்துரைத்த வழியும் இதுவே.

அன்று நான் பிடுங்கிய கன்றுகள் நாற்பதுக்கு மேல் இருக்கும். நட்டது மூன்றே வெள்வேல். பிடுங்கியது ஒரு காலை வேலை. அந்த மூன்றுக்கும் தண்ணீர் சுமப்பது கோடை முழுவதற்குமான வேலை. அதையும் அப்பாவிடம் சொன்னேன். “அதுதான்டா வெவசாயம்” என்றார்.

நண்பர்களே, ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போகிறேன். வருவோர் வாளி கொண்டு வருக. தடித்த செருப்பும் வேண்டும். எங்கள் ஊர் முள் எங்கே முளைத்தாலும் முள்தான்.