செம்மரம் போகும் வழி

மாங்கூழுக்கும் மரக்கட்டைக்கும் ஒரே சாலைதான். ஒன்று பகலில் போகிறது, மற்றது இருட்டில்.

சித்தூரிலிருந்து பெங்களூர் போகும் பழைய நெடுஞ்சாலையில், பலமனேருக்கு முன்னால் வருகிறது பங்காருபாளையம். பங்காரு என்றால் தெலுங்கில் தங்கம். அதற்காகச் சுரங்கம் எதையும் தேட வேண்டாம். அதற்குக் கர்நாடக எல்லையைத் தாண்டிக் கோலாருக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் பாளையக்காரர்களின் ஊராக இருந்த இதில் இன்று தங்கம் என்று சொல்ல இருப்பது மாங்காய்தான். ஜூன், ஜூலை மாதங்களில் மார்க்கெட் யார்டுக்கு வெளியே டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாம் தோத்தாபுரி, தமிழர்களின் கிளிமூக்கு. தின்பதற்கு வாங்குவோர் குறைவு. பெரும்பகுதி சித்தூர் வட்டாரத்தின் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. அங்கே கூழாகி, கிருமி நீக்கிய பைகளில் அடைபட்டு, இரும்புப் பீப்பாய்களில் ஏறி, கன்டெய்னர்களில் சென்னைத் துறைமுகத்தை அடைகிறது. அப்புறம் வளைகுடா, ஐரோப்பா.

2025 கோடையில் கூழ் தேங்கிப்போய் விலை சரிந்தது. கிலோவுக்கு ரூ.12 என்று ஆந்திர அரசு அறிவித்தது. அதில் ரூ.4 அரசின் மானியம். அந்த விலைக்காகவே விவசாயிகள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

சித்தூர் வழியாகப் பெங்களூருக்கோ சென்னைக்கோ போகும் இன்னொரு சரக்கின் விலையோ கிலோவுக்கு எட்டாயிரம் ரூபாய். இது யாரோ கிளப்பிவிட்ட கணக்கல்ல. 2022இல் அகமதாபாத் சபர்மதி கன்டெய்னர் முனையத்தில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் ஒரு கன்டெய்னரை மடக்கியது. சோப்பு, ஷாம்பு வகையறா என்று காகிதம் சொன்னது. ஷார்ஜாவுக்குப் போக வேண்டிய சரக்கு. ஊடுகதிர்க் கருவி காட்டியது மரக்கட்டைகளை. மொத்தம் 14.63 டன் செம்மரம், மதிப்பு ரூ.11.70 கோடி. வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு அந்த எட்டாயிரம் வரும்.

தமிழ் வீடுகளுக்குச் செம்மரம் புதிதல்ல. திருப்பதிக்குப் போனவர்கள் வாங்கிவந்த மரப்பாச்சி பொம்மை இதே மரம்தான். குழந்தைக்கு விளையாட்டுச் சாமான். வீக்கம் கண்டால் பாட்டி அதையே கல்லில் உரசிப் பற்றுப் போடுவாள். செஞ்சந்தனம் என்று பெயர் இருந்தாலும் சந்தன வாசனை கிடையாது. கனம் மட்டும் உண்டு: தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். இயற்கையாக இது வளர்வது ஆந்திராவின் தெற்கே சேஷாசலம், பாலகொண்டா, லங்கமல்லா, வெலிகொண்டா மலைகளிலும், அவற்றை ஒட்டிய தமிழக, கர்நாடகப் பகுதிகளில் கொஞ்சமும்தான். 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது சேஷாசலத்தின் பெரும்பகுதி புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. பங்காருபாளையம் சித்தூரிலேயே தங்கிவிட்டது. இந்த ஊருக்கு மலையில் பங்கில்லை, சாலையில்தான் பங்கு.

வாங்குபவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள். சீனாவில் இதன் பெயர் ஜிதான். மிங், சிங் அரச வம்சத்து நாற்காலிகளும் அலமாரிகளும் இதில் இழைக்கப்பட்டன. இந்த மரத்துக்கென்றே பெய்ஜிங்கில் 1999இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பு வாத்தியத்தின் கழுத்துப் பகுதிக்கு இதைவிட உசத்தியான மரம் இல்லை என்கிறார்கள். ஐரோப்பியர்களுக்கு ஒரு காலத்தில் இது சாயம். சில்லாகவும் தூளாகவும் வாங்கித் துணிக்கும் உணவுக்கும் சிவப்பு ஏற்றினார்கள். 19ஆம் நூற்றாண்டில் செயற்கைச் சாயம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. சாயத்துக்குச் சில்லு போதும். நாற்காலிக்கு முழுக் கட்டை வேண்டும். கட்டையில் அலை அலையாக ரேகை ஓடினால் அது முதல் தரம்.

உலகின் மர வியாபாரத்தில் இது விநோதமான சரக்கு. காகித ஆலைக்கும் மின் நிலையத்துக்கும் வியட்நாமும் ஆஸ்திரேலியாவும் அனுப்பும் மரச்சில்லு மலிவானது, லேசானது. எடை ஏறுவதற்குள் கப்பல் நிரம்பிவிடும். ஆகவே அதற்கென்றே ஒரு லட்சம் கன மீட்டர் கொள்ளும் ராட்சதக் கப்பல்கள் ஓடுகின்றன. செம்மரம் நேர் எதிர். கன்டெய்னரில் கொஞ்ச இடத்தில் அடுக்கினாலே எடை ஏறிவிடும். மிச்சமிருக்கும் இடத்தில் சோப்பு, துணி, டைல்ஸ் என்று எதை வேண்டுமானாலும் முன்னால் வைத்து மறைக்கலாம். கடத்துபவனுக்கு இதைவிட வசதியான பண்டம் கிடைப்பது கஷ்டம்.

பயணம் தோளில் தொடங்குகிறது. மேஸ்திரி திரட்டிக்கொண்டு வந்த ஆட்கள் மலையேறி, மரத்தை வெட்டி, வெளிப்புற வெள்ளைப் பகுதியைச் செதுக்கி எறிந்துவிட்டு, சிவந்த வைரத்தை மட்டும் சுமந்து இறங்குகிறார்கள். தரையில் குவியும் செதில்கள்தான் வனத்துறைக்குக் கிடைக்கும் தடயம். சாலை ஓரத்தில் வண்டி காத்திருக்கும். பால் வண்டி, காய்கறி லாரி, நம்பர் பிளேட் மாற்றிய கார், ஏன், ஆம்புலன்ஸ்கூடப் பிடிபட்டிருக்கிறது. முன்னால் ஒரு 'பைலட்' கார், போலீஸ் நிற்கிறதா என்று பார்க்க. பாக்கராப்பேட்டை, பீலேரு பக்கமிருந்து இறங்கினால் சித்தூருக்குப் பல குறுக்குச் சாலைகள். கிழக்கே திரும்பினால் சென்னை. மேற்கே திரும்பி, பங்காருபாளையம் தாண்டி, மொகிலி கணவாய் ஏறினால் பெங்களூரை அடுத்த ஹொஸ்கோட்டே பக்கத்துக் கிடங்குகள்.

கிடங்கில்தான் மரம் 'காணாமல்' போகிறது. அதுவரை யார் பார்த்தாலும் செம்மரம் செம்மரம்தான். கன்டெய்னர் கதவு மூடி முத்திரை விழுந்ததும் அது காகிதத்தில் எழுதியிருக்கும் பொருளாகிவிடும். ஆலையிலேயே சீல் வைத்த கன்டெய்னரை வழியில் ஒரு கொட்டகைக்குத் திருப்பி, சீலை உடைக்காமல் கதவின் ஆணிகளைக் கழற்றி, உள்ளே இருப்பதை மாற்றிவிடும் வித்தையும் உண்டு. துறைமுகத்தில் எல்லாப் பெட்டியையும் திறந்து பார்க்க முடியாது. திறந்தால் மாங்கூழும் நகராது. சந்தேகத்துக்கு உரியதைத்தான் பிரிக்கிறார்கள். சென்னையில் பிடி இறுகினால் சரக்கு குஜராத்துக்கு ஓடுகிறது. கடலில் கஷ்டம் என்றால் நேபாளம், மியான்மர் என்று தரைவழி. துபாய், மலேசியா, ஹாங்காங் என்று கை மாறிச் சீனா சேரும்போது கட்டைக்கு வேறு பிறப்புச் சான்றிதழ் வந்துவிடும்.

சாவது மட்டும் மலையில். 2013 டிசம்பரில் சேஷாசலத்தில் வனத்துறையினர் இருவரை மரம் வெட்ட வந்த கும்பல் கொன்றது. 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரி காட்டுப் பகுதியில் ஆந்திரச் சிறப்புப் படை சுட்டதில் 20 தமிழர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாது மலைப் பழங்குடியினரும் அவர்களில் உண்டு. கோடரியாலும் கல்லாலும் தாக்கியதால் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கி அழைத்துப் போகப்பட்டவர்கள் அதில் இருந்தார்கள் என்று உயிர் தப்பியவர்களும் மனித உரிமை அமைப்புகளும் சொன்னார்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து தமிழர்களின் சடலங்கள் மிதந்தன. 2024 பிப்ரவரியில் அன்னமய்யா மாவட்டத்தில் காரை மறித்த காவலர் மீது கடத்தல்காரர்கள் வண்டியை ஏற்றிக் கொன்றார்கள்.

ஜவ்வாது மலைக்காரர்களை ஏன் கூப்பிடுகிறார்கள் என்பது ரகசியமில்லை. அவர்கள் மலையில் சந்தனம் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது; கோடரி பிடிக்கும் கை மிஞ்சியிருக்கிறது. மலைச்சரிவு நிலம் வருடம் முழுவதும் சோறு போடாது. மரம் எந்தத் துறைமுகம் போகிறது, அங்கே என்ன விலை என்பது அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. மேல்தட்டில் இருப்பவர்கள் சிக்குவது அபூர்வம். பெரிய கடத்தல்காரர் என்று குற்றம்சாட்டப்பட்ட ஒருவரை 2015 நவம்பரில் மொரீஷியசிலிருந்து கொண்டுவந்தபோது அதுவே பெரிய செய்தியானது. 2021 டிசம்பரில் வந்த 'புஷ்பா' படம் இந்த மலைக் கூலியைக் கதாநாயகனாக்கியது. கூலி முதலாளி ஆவது சினிமாவில்தான் நடக்கிறது.

நேர்வழியும் இருக்கிறது. மெதுவாக நகரும் வழி. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்துக்கான 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் செம்மரம் இருக்கிறது. கட்டை, சில்லு, தூள், சாறு நான்குக்கும் கட்டுப்பாடு. கட்டையைச் சில்லாக்கித் தப்ப முடியாது. காட்டு மரத்தை வெட்டி ஏற்றுமதி செய்ய இந்தியா அனுமதிப்பதில்லை. பறிமுதல் செய்த மரத்தை மட்டும் சிறப்பு அனுமதியோடு அரசு விற்கலாம். திருப்பதி, பாக்கராப்பேட்டை கிடங்குகளில் எண் எழுதிய கட்டைகள் மலையாக அடுக்கிக் கிடப்பதெல்லாம் அப்படி வந்தவைதான். 2014இல் ஆந்திர அரசு மின்னணு ஏலம் நடத்தியபோது வெளிநாட்டு வியாபாரிகளும் விலை கேட்டார்கள். பிடிபட்ட மரம் அரசு கஜானாவுக்கு வருமானம் என்பது கொஞ்சம் நெருடலான ஏற்பாடு. கடத்தலைத் தடுக்கும் துறைக்கே கடத்தல் சரக்கு வழங்குகிறது!

சொந்த நிலத்தில் வளர்த்தவர்களுக்கு 2019இல்தான் கதவு திறந்தது. பட்டா நிலத்துச் செம்மரத்தை உரிமம் பெற்று ஏற்றுமதி செய்யலாம் என்று வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் அறிவித்தது. செம்மர வணிகத்தில் இந்தியாவை 2004 முதல் தனிக் கண்காணிப்பில் வைத்திருந்த சைட்டிஸ் நிலைக்குழு, 2023 நவம்பரில் ஜெனீவாவில் அதை விலக்கிக்கொண்டது. 2025இல் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையம், செம்மர விற்பனையில் வந்த பங்குத் தொகையைத் திருவள்ளூர் மாவட்டத்தில் 18 விவசாயிகளுக்கு ரூ.55 லட்சமாகவும், ஆந்திராவில் சித்தூர், திருப்பதி, நெல்லூர், கடப்பா மாவட்டங்களில் 198 விவசாயிகளுக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்குமாக ரூ.3 கோடியாகவும் ஒதுக்கியது.

பணம் வந்தாலும் வேலை குறையவில்லை. வெட்ட வனத்துறை அனுமதி, கட்டையில் சுத்தியல் முத்திரை, லாரிக்கு வழிச்சீட்டு, டில்லியின் ஏற்றுமதி உரிமம், சைட்டிஸ் சான்று, கடைசியில் சுங்கத்துறை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம். கன்று நட்டவர் இந்த வரிசையில் போய் நிற்கவே இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஆகும். மரம் வைரம் பாய அவ்வளவு காலம் வேண்டும். அதுவரை வரப்பில் செம்மரம், உள்ளே மாமரம். ஜூன் பிறந்தால் டிராக்டர் யார்டுக்குப் போகிறது.