கட்சிக்காரர் பணத்தைக் காப்பது எது?

இங்கிலாந்தில் கட்சிக்காரர் பணத்தைக் கையாளும் எந்தச் சொலிசிட்டர் அலுவலகத்திலும் குறைந்தது இரண்டு வங்கிக் கணக்குகள் இருக்கும். ஒன்று அலுவலகக் கணக்கு. வாடகையும் சம்பளமும் அதிலிருந்து போகும். மற்றது கட்சிக்காரர் கணக்கு. வீடு வாங்குபவர் கட்டிய முன்பணம், வங்கி அனுப்பிய மோர்ட்கேஜ் தொகை, இறந்தவரின் சொத்தை விற்று வந்த பணம் எல்லாம் அதில்தான் வந்து சேரும். லண்டனில் வீட்டு விற்பனையும் குடிவரவு வழக்குகளும் பார்க்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. அந்த இரண்டாவது கணக்குக்கு நான் பொறுப்பாளன். சொலிசிட்டர் ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதலோடு இப்படி ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது இங்கே விதி. கட்சிக்காரரைக் காப்பது எது என்று கேட்டால் பலர் சொலிசிட்டர்களின் தவறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தைச் சொல்வார்கள், இழப்பீட்டு நிதியைச் சொல்வார்கள். அந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் இருக்கும் கோட்டைத்தான் நான் சொல்வேன்.

அந்தக் கோடு சும்மா வரவில்லை. சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டி 1825இல் தொடங்கியது. அதன் தலைவராக இருந்த பெஞ்சமின் லேக் என்பவரே கட்சிக்காரர் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காக 1901இல் தண்டனை பெற்றார். அப்படியிருந்தும், பணத்தைத் தனிக் கணக்கில் வை என்று கட்டாயப்படுத்தும் விதிகள் 1935இல்தான் வந்தன. இடையில் எத்தனை குடும்பங்கள் பணத்தைப் பறிகொடுத்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இப்போதைய விதிப்படி ஐந்து வாரத்துக்கு ஒரு முறையாவது கணக்கை நேர் பார்க்க வேண்டும். நாங்கள் மாதக் கடைசியில் செய்கிறோம். மூன்று தொகைகளை அருகருகே வைப்போம்: வங்கி அறிக்கை காட்டும் இருப்பு, எங்கள் ரொக்கப் புத்தகம் காட்டும் இருப்பு, ஒவ்வொரு கட்சிக்காரரின் பேரேட்டிலும் நிற்கும் தொகைகளின் கூட்டு. மூன்றும் பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஒரு மாதம் 25 பவுண்டு இடித்தது. பேரேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். கடைசியில் பார்த்தால், அன்றன்றே பணம் போய்ச் சேரும் ‘சாப்ஸ்’ பரிமாற்றத்துக்கான கட்டணத்தை வங்கி அலுவலகக் கணக்கில் எடுக்காமல் கட்சிக்காரர் கணக்கில் எடுத்திருந்தது. உடனே அலுவலகப் பணத்திலிருந்து அதை ஈடுகட்டி, குறிப்பும் எழுதி வைத்தோம். 25 பவுண்டுக்கு இத்தனை பாடா என்று புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கணக்கில் யாருக்கும் சொந்தமில்லாத பணம் என்று ஒன்று கிடையாது. 25 குறைந்தால் யாரோ ஒருவர் வீட்டுப் பணத்தில் 25 குறைகிறது. பெரிய மோசடிகளும் இப்படிக் கண்டுகொள்ளாமல் விட்ட சின்ன ஓட்டையில் தொடங்கியவைதான்.

கட்சிக்காரரே வந்து இந்தக் கோட்டை அழிக்கச் சொல்வதும் உண்டு. அப்போதுதான் இந்தத் தொழில் கஷ்டம். வீடு விற்ற ஒரு அக்கா கேட்டார்:

“தம்பி, அந்தக் காசு உங்கட கணக்கிலேயே கிடக்கட்டும். மகளின்ர கலியாணத்துக்கு எடுப்பம். பாங்கில போட்டா ஆக்கள் கடன் கேட்டு வருவினம்.”

“ஏலாது அக்கா. வேலை முடிஞ்சிட்டுது. இனி அது உங்கட கையில இருக்க வேணும்.”

என்னை நம்பித்தான் கேட்டார். மறுத்ததில் அவருக்கு மனவருத்தம். ஆனால் சட்ட வேலை எதுவும் இல்லாமல் பணத்தை மட்டும் வைத்துக் கொடுக்கும் வங்கிபோல அந்தக் கணக்கு நடக்கக்கூடாது என்பது விதி. கள்ளப் பணம் வெள்ளையாவதும், கடன்காரரிடமிருந்து சொத்து மறைவதும் இந்த வழியில்தான். அவருக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்து வருபவருக்கு எந்த முகத்தோடு மறுப்பேன்?

கோட்டை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நான் பயிற்சியாளர்களுக்குச் சொல்லும் வழக்கு போல்டன் வழக்கு. மோர்ட்கேஜ் கொடுத்த நிறுவனத்தின் பணத்தை, விற்பனை முடியும் முன்பே தன் குடும்பத்துக்குள் நடந்த ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு விடுவித்தார் ஒரு சொலிசிட்டர். நேர்மையற்ற நோக்கம் இல்லை என்று தீர்ப்பாயமே ஏற்றது. இருந்தும் இரண்டு ஆண்டு தொழில் செய்யத் தடை. மேல்நீதிமன்றம் அது அதிகம் என்றது. 1993இல் அப்பீல் நீதிமன்றம், தீர்ப்பாயம் செய்ததே சரி என்றது. தனி ஒருவரின் வாழ்வு கெடுவதைவிட, சொலிசிட்டரிடம் கொடுத்த பணம் பத்திரம் என்ற ஊராரின் நம்பிக்கை பெரிது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கடுமைதான். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

2007 முதல் லா சொசைட்டி உறுப்பினர்களுக்காகப் பேசுவதோடு சரி. சொலிசிட்டர்களைக் கண்காணிப்பது சொலிசிட்டர் ஒழுங்குமுறை ஆணையம். ஆபத்து என்று கண்டால் அது ஒரு அலுவலகத்துக்குள் இறங்கி, கோப்புகளையும் வங்கிக் கணக்கையும் தன் கையில் எடுத்துக்கொள்ளலாம். பணம் போய்விட்டால் முதலில் கட்டாயக் காப்புறுதி. கடைசிப் புகலிடம் இழப்பீட்டு நிதி. 1941ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அந்த நிதியை எங்கள் ஆண்டுச் சந்தாதான் நிரப்புகிறது. ஒரு கோரிக்கைக்கு அதன் உச்சவரம்பு 5 லட்சம் பவுண்டு.

இவ்வளவு இருந்தும் 2023இல் ஆக்சியம் இன்ஸ் என்ற நிறுவனத்தில் 6 கோடி பவுண்டுக்கு மேல் கட்சிக்காரர் பணம் காணாமல் போனது. ஆணையம் போதிய அளவில் செயல்படவில்லை என்று அதற்கும் மேலே உள்ள சட்டச் சேவைகள் வாரியம் அடுத்த ஆண்டு குறை கூறியது. இழப்பீட்டு நிதிக்கு நாங்கள் ஒவ்வொருவரும் கட்டும் தொகை மூன்று மடங்கானது. கட்டியதில் எனக்கு வருத்தமில்லை. பணம் இழந்தவருக்கு யாராவது கொடுத்தாக வேண்டும். வருத்தமெல்லாம், வேகமாக மற்ற நிறுவனங்களை வாங்கி வளரும் ஒரு நிறுவனத்தின் வங்கி அறிக்கையை வங்கியிடமே நேரில் கேட்டு வாங்கிப் பார்க்கும் வழக்கம் கண்காணிப்பில் ஊன்றவில்லையே என்பதில்தான். சொலிசிட்டர்களின் கையிலிருந்து கட்சிக்காரர் கணக்கையே எடுத்துவிடலாமா என்ற யோசனையும் 2024இல் எழுந்தது. கணக்கை எடுப்பதைவிடக் கணக்குப் பார்ப்பதைக் கூட்டுவதே வழி என்பேன்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. அகதி விண்ணப்பத்துக்கும் விசாவுக்கும் தெரிந்தவர், ஊர்க்காரர் என்று யாரிடமாவது காசைக் கொடுத்துவிட்டு, பிறகு கண்ணீரோடு வருபவர்கள் இன்னும் குறையவில்லை. அங்கீகாரம் இல்லாமல் குடிவரவு ஆலோசனை வழங்குவது இங்கே 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்டவரிடம் போன பணத்துக்கு நான் சொன்ன நிதியும் இல்லை, காப்புறுதியும் இல்லை. சொலிசிட்டர் என்று சொல்பவரின் பெயரை ஆணையத்தின் பதிவேட்டில் தேடுங்கள். ரசீது இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். வங்கி விவரம் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் அலுவலகத்தைக் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். வேலையில் குறை இருந்தால் முதலில் அலுவலகத்திடமே எழுத்தில் முறையிடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் சட்டக் குறைகேள் அதிகாரியிடம் போங்கள். முறையிட உங்களிடம் யாரும் கட்டணம் வாங்கமாட்டார்கள்.