எரிந்த நாவலை மறுபடியும் எழுதியவர்

போனில் "வீடு காலியாத்தான் இருக்கு, வாங்க" என்பார்கள். நேரில் போனால் பெயர், ஊர், "நீங்க சைவமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் வீடு வேறு யாருக்கோ போயிருக்கும். எனக்கும் இது நடந்திருக்கிறது. அதனால் புச்சி எமெச்செட்டாவின் 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' (1974) நாவலில் அடா லண்டனில் வீடு தேடும் பக்கங்களை என்னால் லேசாகக் கடந்துபோக முடியவில்லை. ஆப்பிரிக்கக் குரல் என்று தெரிந்துவிடக் கூடாதென்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போனில் பேசுகிறாள் அடா. நேரில் முகத்தைப் பார்த்ததும் கதவு சாத்தப்படுகிறது.

அடாவின் கதை பெரும்பாலும் எமெச்செட்டாவின் சொந்தக் கதைதான். 1944இல் நைஜீரியாவின் லாகோஸில் பிறந்த இக்போ பெண். நாடு விடுதலை பெற்று இரண்டு ஆண்டுகள் கழித்து, 1962இல், அங்கே படித்துக்கொண்டிருந்த கணவனோடு சேர லண்டன் போனார். பிரிட்டிஷ் மியூசியத்தில் நூலக வேலை, வீட்டில் கைக்குழந்தைகள், இவற்றுக்கு நடுவே முதல் நாவலை எழுதி முடித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கணவன் எரித்தான். 22 வயதில், ஐந்தாவது குழந்தை வயிற்றில் இருக்கும்போது, அவனைப் பிரிந்தார். குழந்தைகளை வளர்த்துக்கொண்டே லண்டன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டம் பெற்றார்.

எரிந்துபோனது என்ன கதை? மறுபடியும் எழுதப்பட்டு 1976இல் வெளிவந்த 'தி பிரைட் பிரைஸ்'. அதில் அக்குன்னா என்ற பெண் சிக்கே என்ற ஆசிரியரைக் காதலிக்கிறாள். படிப்பும் வசதியும் உள்ள குடும்பம் அவனுடையது. ஆனால் அடிமைகளின் வழிவந்தவன் என்பதால் ஊர் அவனை ஏற்க மறுக்கிறது. ஆணவக்கொலைச் செய்திகளோடு வாழும் நமக்கு இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை.

தோழர்களே, லண்டன் தன்னைக் கறுப்பி என்று ஒதுக்கிய நாட்களிலேயே, தன் சமூகம் யாரை ஒதுக்குகிறது என்று எழுத உட்கார்ந்தார் எமெச்செட்டா. கணவனின் வன்முறையையும் மறைக்கவில்லை. ஆப்பிரிக்க ஆண்களைக் கேவலப்படுத்துகிறார் என்ற கண்டனமும் வந்தது. ஆனாலும் எழுதினார்.

நம் அமைப்புகளிலும் தோழியர் வீட்டுக்குள் வாங்கும் அடியைப் பேசினால், உட்சாதி ஏற்றத்தாழ்வைப் பேசினால், "இப்போ வேண்டாம், எதிரிக்குச் சாதகமாகிடும்" என்கிறார்கள். அந்த "அப்புறம்" எப்போது வரும் என்று யாரும் சொல்வதில்லை. எமெச்செட்டா அதற்காகக் காத்திருக்கவில்லை. நீங்களும் காத்திருக்காதீர்கள்.