பட்டாளத்து வேலைக்கு ஊர்ப் பெயர்

டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாள். 1949 முதல் நடந்துவரும் வழக்கம். உண்டியல் வகுப்புக்கு வரும்போது நாமும் காசு போடுகிறோம். அந்தப் படைவீரர் நாற்பது வயதை நெருங்கும்போது ஊர் திரும்பி வேலை தேடினால் என்ன ஆகிறார் என்று நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். என் சித்தப்பா திரும்பி வந்திராவிட்டால் நானும் எண்ணியிருக்க மாட்டேன்.

அவர் தரைப்படையின் ஆர்டினன்ஸ் பிரிவில் 17 ஆண்டுகள் பணிபுரிந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் உண்டு, அது அரிசிக்கும் பருப்புக்கும் ஆகும். பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகளுக்கு? மயிலம் பக்கத்து நிலத்தில் கிணறும் வற்றிக் கிடக்கிறது. ஒரு நிறுவனத்தில் கேட்டபோது, "மிலிட்டரியா? வாசலில் நில்லுங்கள், பன்னிரண்டு மணி நேரம்" என்றார்களாம். காவல் வேலை இழிந்தது என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த தொழில் என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை என்பதே என் வருத்தம்.

கேட்காததற்கும் காரணம் உண்டு. அவருடைய விண்ணப்பத்தில் "ராணுவப் பணி, 17 ஆண்டு" என்று ஒரே வரிதான் இருந்தது. ஒரு ஞாயிறு முழுவதும் அவரோடு உட்கார்ந்தேன்.

"சித்தப்பா, காலையில ஸ்டோருக்குள்ள போனதும் முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"லெட்ஜரைப் பார்ப்பேன்டா. இன்டென்ட் வரும். இருப்பு பார்த்து, வவுச்சர் போட்டுச் சாமானைக் கொடுக்கணும். அப்புறம் எண்ணிக் கணக்கைச் சரிபார்க்கணும்."

வண்டி உதிரிபாகம் மட்டும் நாலாயிரம் வகைக்கு மேலாம். ஒன்று குறைந்தாலும் விசாரணையாம். வணிகவியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் 'சரக்கிருப்புக் கட்டுப்பாடு' என்று நடத்திய பாடம் முழுவதும் அவர் கையில் இருந்தது! அவருக்கு அந்தப் பெயர் தெரியாது. எனக்கோ பெயர் மட்டுமே தெரியும். விண்ணப்பத்தை மாற்றி எழுதினோம். பதக்கங்கள் கீழே போயின. எத்தனை பொருள், எத்தனை ஆள், என்னென்ன பதிவேடு என்பவை மேலே வந்தன.

பிறகு திண்டிவனத்தில் பாசஞ்சர் ரயிலேறி விழுப்புரம் போய், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்டிப் பதிந்தோம். மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் முன்னாள் படைவீரர்க்கு 10 விழுக்காடு இடம் உண்டு. பொதுத்துறை வங்கி எழுத்தர் பணியில், போரில் உறுப்பிழந்தோரையும் உயிர்நீத்தோர் குடும்பத்தாரையும் சேர்த்து 14.5 விழுக்காடு. வயதுக் கணக்குதான் வேடிக்கை. இருக்கும் வயதில் படையில் இருந்த ஆண்டுகளைக் கழித்து, மிஞ்சுவது உச்சவரம்பை 3 ஆண்டுக்கு மேல் தாண்டாதிருந்தால் போதும். 38-இல் 17 போனால் 21. சித்தி சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டு படையில் இருந்தவர், பட்டம் கேட்கும் பல 'சி' பிரிவுப் பணிகளுக்கும் விண்ணப்பிக்கலாம். மூன்றாண்டு கட்டணம் கட்டிய எனக்குச் சற்றுப் பொறாமைதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இச்சலுகையில் மத்திய அரசுப் பணி ஒன்றில் நிலையாகச் சேர்ந்துவிட்டால், அடுத்த பணிக்கு இந்த இடஒதுக்கீடு கிடையாது. முன்பே வேறு பணிகளுக்கு விண்ணப்பித்திருந்தால், அவற்றைத் தேதியோடு பட்டியலிட்டு, சேர்ந்தவுடன் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவற்றுக்கு மட்டும் உரிமை நிற்கும். அவசரத்தில் கிடைத்ததில் சேருவோர் இதைக் கவனிப்பதில்லை. தனியார் வேலையில் சேர்வதால் உரிமை போகாது.

2022-இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்தவர்க்கோ பணி நான்கே ஆண்டு. நூற்றுக்கு 25 பேர் வரை நிலைப்பார்கள்; மற்றவர்க்கு ஓய்வூதியமும் இல்லை. அவர்கள் நம் வயதினர். பிளஸ் டூவில் என் பெஞ்சில் இருந்தவன் ஒருவன் அதில் இருக்கிறான். செய்யும் வேலையை ஒரு நோட்டில் இப்போதே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

சித்தப்பா வங்கித் தேர்வு எழுதிவிட்டு, திண்டிவனத்தில் ஓர் உதிரிபாகக் கிடங்கில் கணக்குப் பார்க்கிறார். "சரக்கு குறைந்தால் என்ன செய்வீர்கள்?" என்று ஒரே கேள்விதான் கேட்டாராம் முதலாளி. சித்தப்பா அரைமணி நேரம் பதில் சொன்னாராம்.