கரண்டியில் எலுமிச்சம்பழம்

பள்ளிக்கூட விளையாட்டு விழாவில், கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்து, காம்பை வாயில் கவ்விக்கொண்டு ஓடியிருக்கிறீர்களா? நம் எல்லாருடைய தோளும் அந்த ஓட்டந்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை எனக்குக் கற்பித்தது ஒரு நாய்.

2005ஆம் வருஷம். எனக்கு 22 வயது. ராஜபாளையத்தில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த ஜனவரியில்தான் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டிருந்தார்கள். அத்தானுக்கோ, தம் வீட்டு நாய்க்கே வெளியிட்டதுபோல் பெருமை. "மாப்பிள்ளை, சங்கிலியைக் கையில் சுற்றாதே" என்றார். கேட்டேனா? மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையில் நின்ற பூனையை நான் பார்க்கவில்லை, நாய் பார்த்துவிட்டது. என் பின்பக்கமாகப் பாய்ந்தது. உடம்பு முன்னே, கை பின்னே. 'களுக்'கென்று ஒரு சத்தம். உருண்டையாயிருந்த தோள் சப்பையாகிவிட்டது.

"பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும்" என்று தெருவில் இரண்டு பேர் முன்வந்தார்கள். அத்தான் அவர்களை விலக்கிவிட்டு, என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துப் போனார். பால்கோவாவை நினைத்துச் சப்புக்கொட்டிக்கொண்டு போகிற சாலையில், அன்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, மயக்க மருந்து கொடுத்து, மெதுவாக மூட்டைப் பொருத்தினார். கையைத் துணித் தூளியில் கட்டிக் கழுத்தில் மாட்டினார்.

"இடுப்பு மூட்டுக்கு ஆழமான குழி. லேசில் நழுவாது. தோளுக்குக் குழி ஆழமில்லை, பந்து பெரிசு. கரண்டியில் எலுமிச்சம்பழம் மாதிரி. அதனால்தான் கையை எந்தத் திசையிலும் சுழற்ற முடிகிறது. கை பக்கவாட்டில் உயர்ந்து பின்னால் திரும்பியிருக்கும்போது ஓர் இழுப்பு போதும்; கையை ஊன்றி விழுந்தாலும் போதும்; பந்து நழுவிவிடும். 100 தோள் நழுவினால் 90க்கு மேல் முன்பக்கந்தான். வலிப்பிலும் மின்சார அதிர்ச்சியிலும் பின்பக்கம் போவதுண்டு. தெரியாதவர்கள் இழுத்தால் நரம்பு கெடும், எலும்பும் உடையும். நான் சொல்லும்வரை தூளியைக் கழற்றாதே. சின்ன வயசுத் தோள் மறுபடி நழுவப் பார்க்கும்."

பதினைந்தாம் நாள் ஆடிப்பூரம். ஆண்டாள் தேர். வடத்தில் ஆயிரக்கணக்கான கைகள். என் கை மட்டும் தூளியில். வெட்கமாயிருந்தது. தூளியைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வடத்தைப் பிடித்தேன். தேர் அசைந்தது, என் தோளும் அசைந்தது.

அதற்குப் பிறகும் நாலு தடவை. ஒருமுறை கொடியில் துணி உலர்த்தும்போது, ஒருமுறை தூக்கத்திலேயே. நாயை நான் குறை சொல்வதில்லை. முதல் தடவை அது இழுத்தது. இரண்டாம் தடவை நானே போய் இழுத்துக்கொண்டதுதானே?

இப்போது தேரன்று வடத்தருகே போவதில்லை. எல்லோரும் கைகளைத் தலைக்கு மேலே உயர்த்திக் கும்பிடும்போது, நான் மார்போடு கைகூப்பி நிற்கிறேன். ஆண்டாள் கோபித்துக்கொள்வதாகத் தெரியவில்லை.