தகுதிச் சீட்டு

பேகம்பேட்டின் 27-ஆம் ஓடுபாதையை நோக்கிக் கிழக்கிலிருந்து இறங்குபவருக்கு முதலில் செகந்திராபாத்தின் கூரைகள் தென்படும். பிறகு இடப்புறம் ஹுசைன் சாகர் ஏரி. தரைக்கு மேல் ஐம்பது அடிக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் திரை உறைந்துவிடும். அரை நொடிதான். பிறகு ஒன்றும் நடவாததுபோல் காட்சி ஓடத் தொடங்கும். ஆனால் 140 நாட் வேகத்தில் வரும் விமானம் அந்த அரை நொடியில் 36 மீட்டர் முன்னேறி, ஏறத்தாழ ஆறு அடி தாழ்ந்திருக்கும். மூக்கை மெல்ல உயர்த்திச் சக்கரங்களைத் தரையில் வைக்கத் தொடங்க வேண்டிய தருணம், விமானி காணாமலேயே கடந்து போயிருக்கும்.

2009-ஆம் ஆண்டின் இறுதியில், ஹைதராபாத் அடுக்ககம் ஒன்றின் சிறிய அறையில், அந்த அரை நொடியோடு இரவுதோறும் போராடிக்கொண்டிருந்தவர் விமானி அல்லர். விமானங்களின் உயரமானிகளையும் வேகமானிகளையும் கழற்றி, சோதித்து, திருத்தி, மீண்டும் பொருத்தும் தொழிலாளராகப் பேகம்பேட்டில் முப்பதாண்டுகளைக் கழித்தவர். இளமையில் பறக்கக் கற்க விரும்பினார். பயிற்சிக் கட்டணம் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைத் தாண்டி நின்றது. எனவே பறப்பவர்களின் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தார். 2008 மார்ச் 23 அன்று ஷம்ஷாபாத் விமான நிலையம் இயங்கத் தொடங்கியது. அத்துடன் பேகம்பேட்டின் பயணிகள் விமானச் சேவை நின்றது. சில மாதங்களில் அவரும் ஓய்வுபெற்றார்.

2006-இல் வெளிவந்த ‘ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்’ நிரலுக்கு இந்த மாற்றம் தெரியாது. அதன் உலகில் ஹைதராபாத்துக்குச் செல்லும் விமானம் பேகம்பேட்டில்தான் இறங்கும். அவர் அந்த நிரலை வாங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அரை நொடி உறைவைப் போக்க, முதலில் நினைவகத்தைக் கூட்டினார். பயனில்லை. பிறகு செகந்திராபாத்தின் செனாய் டிரேட் சென்டருக்குச் சென்று, ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த தொகையைக் கொடுத்துப் புதிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி வந்தார். மேகங்கள் அழகாயின, ஏரி நீர் மினுங்கியது, உறைவு மட்டும் அப்படியே இருந்தது. நொடிக்கு 20 சட்டகங்கள் என்ற எண் திரையின் மேல் மூலையில் அசையாமல் நின்றது. இரண்டு பொருள்கள் வாங்கிய பிறகே அவருக்கு ஓர் உண்மை உறைத்தது: எதையும் அளக்காமலேயே பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார். பணிமனையில் ஒரு பயிற்சியாளர் இப்படிச் செய்திருந்தால் அவர் கடிந்திருப்பார்.

அளப்பது எளிதாகவே இருந்தது. திரையின் துல்லியத்தைப் பாதியாகக் குறைத்து, அதே ஓடுபாதையில், அதே வானிலையில் மீண்டும் இறங்கினார். கிராஃபிக்ஸ் கார்டுதான் தடையென்றால், வரைய வேண்டிய புள்ளிகள் குறைந்ததும் சட்டகங்களின் எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அந்த அட்டை தன் வேலையை முடித்துவிட்டுச் சும்மா காத்திருந்தது. அதைக் காக்க வைத்தது செயலி.

பறத்தல் பாவனை நிரல்களின் இயல்பே அதுதான். இறக்கையின் மேல் பாயும் காற்றைக் கணக்கிட வேண்டும். இயந்திரம், எரிபொருள், கருவிகள், வானிலை, சுற்றிலும் பறக்கும் பிற விமானங்கள் எல்லாவற்றையும் கணக்கிட வேண்டும். இவை முடிந்த பின்னரே ‘இதை வரை’ என்னும் கட்டளை கிராஃபிக்ஸ் கார்டுக்குச் செல்லும். ஒன்றின் விடை மற்றொன்றின் தொடக்கமாதலால் இவற்றுள் பெரும்பகுதி ஒரே வரிசையில், ஒரே கோரில் நடந்தாக வேண்டும். அந்த நிரல் திட்டமிடப்பட்ட காலத்தில் இது குறையாகத் தோன்றியிருக்காது. செயலிகளின் கடிகார வேகம் அதுவரை ஏறிக்கொண்டே வந்தது. ஆனால் 2004-இல் பென்டியம் 4 செயலி 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியதோடு அந்த ஏற்றம் நின்றது. அறிவிக்கப்பட்டிருந்த 4 கிகாஹெர்ட்ஸ் செயலி அவ்வாண்டு அக்டோபரில் கைவிடப்பட்டது. வெப்பம் வழிமறித்தது. செயலி செய்வோர் வேகத்தை விட்டு, ஒரே சில்லில் பல கோர்களை வைக்கத் தொடங்கினர். 2007-இல் வந்த திருத்தத் தொகுப்பு, நிலப்பரப்புப் படங்களை ஏற்றும் வேலையைப் பிற கோர்களுக்குப் பகிர்ந்தளித்தது. முதன்மை வரிசை மட்டும் ஒற்றையாகவே நின்றது.

அவருக்கு இது புரியாத செய்தியன்று. ஓர் உயரமானியைச் சோதிக்கும்போது உதிரிகளை எடுத்துத் தரப் பத்துப் பேர் நிற்கலாம். ஆனால் அழுத்த அறையில் வைத்து, ஒவ்வோர் உயரத்திற்கும் முள் காட்டும் அளவைக் குறித்து, ‘பயன்பாட்டிற்குத் தகுதி’ என்னும் சீட்டில் கையொப்பமிடுபவர் ஒருவரே. அவர் மெதுவானவராயின் விமானம் காத்திருக்கத்தான் வேண்டும்.

அந்த ஒருவரை விரைவாக்கும் வழியே ஓவர்கிளாக்கிங்: தயாரிப்பாளர் குறித்த வேகத்திற்கு மேல் செயலியை ஓட்டுதல். அவரிடம் இருந்தது கோர் 2 டுவோ இ8400. தாய்ப்பலகையின் 333 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை ஒன்பதால் பெருக்கி அது 3 கிகாஹெர்ட்ஸில் ஓடும். பெருக்கெண்ணை உயர்த்த முடியாது, துடிப்பை உயர்த்தலாம். 400 ஆக்கினால் 3.6 கிகாஹெர்ட்ஸ். ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகம், காசில்லாமல்.

முற்றிலும் காசில்லாமல் அன்று என்பதையும் அவர் கணக்கிட்டார். வேகம் கூடினால் மின்னழுத்தமும் சற்றுக் கூட வேண்டும். செயலி உண்ணும் ஆற்றல் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தோடு இருபடியாகவும் ஏறும். 20 விழுக்காடு வேகத்திற்கு 10 விழுக்காடு மின்னழுத்தம் கூட்டினால், ஆற்றல் 45 விழுக்காடு கூடிவிடும். அது முழுவதும் வெப்பமாகவே வெளிவரும். ஆகவே பெரிய வெப்பத்தணிப்பான் ஒன்றை வாங்கி, பழைய பசையைத் துடைத்து, அரிசி மணியளவு புதுப்பசை வைத்துப் பொருத்தினார். பழைய பணிமனைக் குறிப்பேட்டைப் போலவே ஒரு குறிப்பேட்டில் கோடிட்டார்: தேதி, துடிப்பு, மின்னழுத்தம், வெப்பநிலை, சட்டகங்கள். கடைசியில் ஒரு பத்தி, கையொப்பம். ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் செயலியை வதைக்கும் சோதனை நிரலை இரவு முழுதும் ஓட்டி, 2010 சனவரித் தொடக்கத்தில் 3.6-ஐ எட்டினார். சட்டகங்கள் 20-இலிருந்து 24-க்கு அருகில் வந்தன. ஐம்பது அடியில் நேரும் உறைவு, கண் இமைக்கும் நேரமாகச் சுருங்கியது. சக்கரங்கள் முதன்முறையாக மென்மையாகத் தரை தொட்டன. அன்றைய வரிசையில் கையொப்பமிட்டார்.

அந்தச் சங்கராந்திக்கு மகள் ஊரிலிருந்து வந்தாள். அவளுடைய கேமராவின் நினைவட்டையில், பேகம்பேட்டின் கடைசி இரவில் பணிமனையில் எடுத்த பதினான்கு படங்கள் இன்னும் இருந்தன. அவற்றைக் கணினியில் நகலெடுத்தார். “எல்லாம் வந்துவிட்டதா, நான்னா?” என்று கேட்டாள். வந்துவிட்டது என்றார். விழாப் படங்களுக்கு இடம் வேண்டுமென்று அட்டையை அவள் அழித்தாள்.

ஏப்ரலில் கணினி நிலைகுலைந்தது. வெப்பத்தணிப்பான் எவ்வளவு பெரிதாயினும் அறையின் காற்றைவிடக் குளிர்ச்சியாகச் செயலியை வைத்திருக்க அதனால் இயலாது. சனவரியில் 24 பாகையாக இருந்த அறை ஏப்ரலில் 36 ஆனபோது, செயலியின் வெப்பமும் அதே 12 பாகை ஏறியது. குளிரில் போதுமாயிருந்த மின்னழுத்தம் வெம்மையில் போதவில்லை. ஏரிக்கு மேலே பறக்கையில் திரை நீலமாகிக் கணினி அணைந்தது. மூன்று இரவுகள் அப்படியே நடந்தது. இதை அவர் எதிர்பார்த்திருந்தார். வேகத்தைக் குறைத்தால் போதும் என்று எண்ணினார். அந்த வேலையைத் தொடங்குமுன், எதற்கும் இருக்கட்டுமென்று படங்களை வட்டில் பதிய எடுத்தபோதுதான் பார்த்தார். பதினான்கில் ஐந்து படங்களில் கீழ்ப்பாதி இல்லை. மேலே பணிமனைக் கூரையும் சில முகங்களும். அதற்குக் கீழே சாம்பல் நிறம்.

காரணத்தைக் கண்டறிய ஒரு நாள் ஆயிற்று. தாய்ப்பலகையின் துடிப்பு செயலிக்கு மட்டும் உரியதன்று. நினைவகமும் அதையே ஒரு விகிதத்தில் பெருக்கி ஓடுகிறது. 333-இல் அவருடைய நினைவகம் தனக்குரிய 800 என்னும் வேகத்தில் ஓடியது. துடிப்பை 400 ஆக்கியபோது விகிதத்தை மாற்றாமல் விட்டார். நினைவகம் 960-இல் ஓடத் தொடங்கியது. எப்போதாவது ஓரிடத்தில் ஒன்று பூச்சியமாகப் பதிந்தது, பூச்சியம் ஒன்றாயிற்று. பறக்கும் நிரலில் அப்படி ஒரு பிழை நேர்ந்தால் ஒரு மேகத்தின் நிறம் ஒரு கணம் மாறும், யாரும் கவனிப்பதில்லை. சுருக்கிப் பதிந்த ஒளிப்படத்தில் ஒரே ஒரு துகள் பிறழ்ந்தாலும், அதற்குப் பின் வரும் அனைத்தும் பொருளிழக்கக்கூடும். அவர் ஓட்டிய சோதனை செயலியை மட்டுமே சோதித்தது. மெம்டெஸ்ட்86 என்னும் நினைவகச் சோதனையை அன்றிரவு முதன்முறையாக ஓட்டினார். சில நிமிடங்களிலேயே சிவப்பு வரிகள் நிரம்பின.

கணினி நின்றுபோனது அவரை வருத்தவில்லை. நின்றுபோகும் கருவி தன் பழுதைத் தானே சொல்லிவிடுகிறது. ஓடிக்கொண்டே தவறான அளவைக் காட்டும் உயரமானிதான் ஆபத்தானது என்று முப்பதாண்டுகள் இளையவர்களுக்குச் சொல்லித் தந்தவர் அவர். அத்தகைய ஒரு கருவிக்குத் தன் கையாலேயே தகுதிச் சீட்டு வழங்கியிருந்தார். குறிப்பேட்டைத் திறந்து, சனவரி வரிசையிலிருந்த கையொப்பத்தின் மேல் சிவப்பு மையால் கோடிட்டார். துடிப்பை 378-க்கு இறக்கி, நினைவக விகிதத்தைத் திருத்தி, 3.4 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தினார். மே மாத வெயிலில் சோதித்த பின்னரே அந்த வரிசையில் கையொப்பமிட்டார். இழந்தது நொடிக்கு ஒன்றிரண்டு சட்டகங்கள் மட்டுமே.

அந்தக் கணினி பல்லாண்டுகள் உழைத்தது. 2022-இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், 2020-இல் வந்த புதிய பாவனை நிரலுக்காக மீண்டும் அதே வணிக வளாகத்தின் படியேறினார். இம்முறை அளந்துவிட்டுத்தான் சென்றார். கடை இளைஞர் முன்வைத்த இரண்டு செயலிகளுள் ஒன்று ரைசன் 7 5800எக்ஸ். உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ். மற்றொன்று 5800எக்ஸ்3டி, உச்ச வேகம் 4.5 தான். எட்டு கோர்கள் இரண்டிலும் உண்டு. வேகம் குறைந்த இரண்டாவதில் மூன்றாம் நிலை இடைமாற்று நினைவகம் 32 மெகாபைட்டுக்குப் பதில் 96 மெகாபைட். அதைச் செயலியின் மேல் இன்னோர் அடுக்காக ஒட்டியிருந்தார்கள். மின்னழுத்தத்தைக் கூட்டினால் அவ்வடுக்கு தாங்காது என்பதால், வழக்கமான ஓவர்கிளாக்கிங்கும் பூட்டப்பட்டிருந்தது. இளைஞர் சற்றுத் தயங்கியே இதைச் சொன்னார்.

அவர் அதையே வாங்கினார். பறத்தல் பாவனையில் செயலியின் பொழுதில் ஒரு பகுதி கணக்கிடுவதில் செலவாவதில்லை; வேண்டிய தரவு தொலைவிலுள்ள முதன்மை நினைவகத்திலிருந்து வந்து சேரும்வரை காத்திருப்பதில் செலவாகிறது. காத்திருப்பவரின் கையை விரைவாக்கிப் பயனில்லை. உதிரியை அவர் மேசைக்கு அருகில் வைக்க வேண்டும். பணிமனையில் அலமாரிகளை இடம் மாற்றியபோது, யாரும் விரைந்து உழைக்காமலேயே வேலை விரைந்த நாள்களை அவர் கண்டிருக்கிறார்.

கணினியைப் பூட்டி முடித்த இரவு, விடுமுறைக்கு வந்திருந்த மகள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். புதிய நிரலின் ஓடுபாதை திரையில் இல்லை. எண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஓரத்தில் அந்தப் பழைய குறிப்பேடு திறந்து கிடந்தது.

“இன்னும் பறக்கவில்லையா, நான்னா?”

“நினைவகச் சோதனை முடியட்டும் அம்மா. இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது” என்றார்.

அந்த ஐந்து படங்களையும் அவர் அழிக்கவில்லை. அவற்றுள் ஒன்றில் ஆறு முகங்கள் சிரித்துக்கொண்டிருக்கின்றன. மார்புக்குக் கீழே சாம்பல் நிறம். நடுவில் நிற்பவரின் கைகள் அந்தச் சாம்பலுக்குள் போய்விட்டன. அவற்றில் இருந்தது, அந்தப் பணிமனையில் கடைசியாகச் சோதித்துக் கையொப்பமிட்ட உயரமானி. காலையில் சோதனை பிழையின்றி முடிந்தது. குறிப்பேட்டின் கடைசிப் பத்தியில் கையொப்பமிட்டு, 27-ஆம் ஓடுபாதையை நோக்கிக் கிழக்கிலிருந்து இறங்கத் தொடங்கினார்.